கார் இல்லாமல் கோசோ: மால்டாவிலிருந்து ஒரே நாளில் பஸ்ஸிலும் கப்பலிலும் போய்வருவது எப்படி?

மால்டாவுக்கு வருகிறவர்களில் பலர் வடமேற்கே இருக்கும் கோசோத் தீவைப் பார்க்க வாடகைக் கார் எடுக்கிறார்கள். இல்லையென்றால் ஒரு சுற்றுலா நிறுவனத்திடம் பணம் கட்டி, கொடியைத் தூக்கிப் பிடித்த வழிகாட்டியின் பின்னால் நடக்கிறார்கள். இரண்டும் வீண் செலவு என்பது என் கட்சி. கோசோவின் மொத்தப் பரப்பே 67 சதுர கிலோமீட்டர்தான். பஸ்ஸும் கப்பலும் போதும். விசா, விடுதி பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. மால்டாவின் தலைநகர் வல்லெட்டாவில் காலையில் கண்விழித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. சிர்கெவ்வா வரை பஸ்

வல்லெட்டாவின் நகர வாயிலுக்கு வெளியே, ட்ரைட்டன் நீரூற்றைச் சுற்றித்தான் பஸ் நிலையம். 41 அல்லது 42 ஏறினால் கப்பல்துறை இருக்கும் சிர்கெவ்வா. ஸ்லீமாவில் தங்கியிருந்தால் 222. வல்லெட்டாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் மோஸ்டா ஊரின் பெரிய வட்டக் கூரைத் தேவாலயம் தெரியும். 1942 ஏப்ரலில் ஜெர்மன் குண்டு ஒன்று அந்தக் கூரையைத் துளைத்து விழுந்தும் வெடிக்கவில்லை. இறங்கிப் பார்க்க ஆசை வரும், இன்று வேண்டாம்.

ஏறும் இடம்தான் இந்தப் பயணத்தின் முக்கியமான முடிவு. மால்டாவில் நிறுத்தத்தில் சும்மா நின்றால் பஸ் நிற்காது. எண்ணைப் பார்த்ததும் கையை நன்றாக நீட்ட வேண்டும். கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஓட்டுநர் உங்களைக் கடந்து போய்விடுவார். அதைவிட மோசம், உள்ளே இடமில்லையென்றால் கை நீட்டினாலும் நிற்காது. ஜூலை, ஆகஸ்டில் நடுவழி நிறுத்தங்களில் நிற்பவர்கள் நிரம்பிய பஸ்கள் வரிசையாகப் போவதைப் பார்த்துக்கொண்டே காலையைத் தொலைக்கிறார்கள். எனவே பஸ் புறப்படும் இடத்துக்கே போய் ஏறுங்கள். அது எதிர்த்திசையில் சில நிறுத்தங்கள் பின்னால் போவதாக இருந்தாலும் பரவாயில்லை. ஏழு மணிக்கெல்லாம் பஸ்ஸில் இருப்பது உத்தமம். வண்டிகள் நம் நாட்டைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன. எந்தப் பக்கத்து நிறுத்தம் என்ற குழப்பம் வராது.

டிக்கெட்டை ஓட்டுநரிடமே வாங்கலாம். சாதாரண டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும். அதற்குள் வேறு பஸ்ஸுக்கும் மாறலாம். கசக்கி எறிந்துவிடாதீர்கள். இருவர் மூவராகப் போனால் பன்னிரண்டு பயணங்களுக்கான அட்டை வாங்குவது நல்லது. ஒரே அட்டையை எல்லோரும் பயன்படுத்தலாம். அந்த அட்டையை விற்கும் பஸ் நிறுவனத்தின் தலின்யா செயலியையும் இறக்கிக்கொள்ளுங்கள். வழித்தட எண்கள் அவ்வப்போது மாறுவதால், கிளம்புவதற்கு முன் அதில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

2. கப்பல்: டிக்கெட் கவுண்ட்டரைத் தேடாதீர்கள்

சிர்கெவ்வாவில் இறங்கியதும் புதியவர்கள் டிக்கெட் எங்கே வாங்குவது என்று அங்குமிங்கும் அலைவார்கள். போகும்போது கட்டணமே இல்லை. நேராக உள்ளே போய் ஏற வேண்டியதுதான். கோசோவிலிருந்து திரும்பும்போதுதான் இம்ஜார் துறைமுகத்தில் இரண்டு வழிக்கும் சேர்த்து 4.65 யூரோ வாங்குகிறார்கள். நடந்து வரும் பெரியவர்களுக்கான கட்டணம் இது. இரவிலும் கப்பல் ஓடுகிறது; கடைசிக் கப்பலைத் தவறவிடுவோமோ என்ற பயம் வேண்டாம்.

கடல் பயணம் ஏறத்தாழ 25 நிமிடம். மேல்தளத்தில், கப்பல் போகும் திசைக்கு வலப்பக்கம் நில்லுங்கள். கொமினோத் தீவும் அதன்மேல் 1618 இல் கட்டிய காவல் கோபுரமும் அந்தப் பக்கம்தான். கரை நெருங்கும்போது எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் படியிறங்கி வாசலருகே வந்துவிடுங்கள். துறைமுக வாசலில் நிற்கும் பஸ்ஸில் கப்பல் கூட்டம் முழுவதும் ஏறப் பார்க்கும்.

கைபேசி வரைபடத்தில் ஒரு பொறி உண்டு. மால்டாவின் பெரிய தீவிலும் இம்ஜார் என்று ஓர் ஊர் இருக்கிறது. கோசோவின் தலைநகரான விக்டோரியாவை உள்ளூர்க்காரர்கள் இன்றும் ரபாத் என்றே அழைக்கிறார்கள். பெரிய தீவில் ஒரு ரபாத்தும் உண்டு. தேடும்போது கோசோ என்பதையும் சேர்த்துத் தட்டச்சு செய்யுங்கள்.

3. எல்லா வழியும் விக்டோரியாவுக்கே

இம்ஜாரிலிருந்து 301 அல்லது 323 பிடித்து விக்டோரியா பஸ் நிலையம் போங்கள். கோசோவின் பஸ்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளைபிரிகின்றன. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நேர்வழி தேடி நேரத்தைக் கரைக்காமல், ஒவ்வொரு தடவையும் விக்டோரியாவுக்குத் திரும்பி அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். பல தடங்களில் மணிக்கு ஒரு பஸ்தான். ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. ஆகவே எங்கே இறங்கினாலும் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் நிறுத்தத்தை விட்டு நகர வேண்டும்.

மூன்று இடங்களுக்குமேல் ஆசைப்படாதீர்கள். என் வரிசை இது.

முதலில் 311 இல் துவேய்ரா. மருந்துக்கும் நிழல் இல்லாத இடம். காலையில் போவதே நல்லது. பழைய படங்களில் காணும் கல் வளைவான நீலச் சாளரம் 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது. இன்னமும் அதைத் தேடி வருகிறவர்கள் உண்டு. இருப்பதே போதும்: பாறைக்குகை வழியாகக் கடலோடு இணைந்த சிறு காயல், அந்தக் குகைக்குள் அழைத்துப்போகும் மீனவர் படகுகள், எதிரே காளான் பாறை. அந்தப் பாறையில் முளைத்த செடியை அருமருந்து என்று நம்பிய, அக்காலத்தில் மால்டாவை ஆண்ட புனித யோவான் வீரர்கள், யாரும் பறிக்காதபடி காவல் போட்டிருந்தார்கள். அந்தச் செடி காளானே அல்ல என்பது வேடிக்கை.

விக்டோரியாவுக்குத் திரும்பிச் சாப்பிடுங்கள். சைவர்களுக்குப் பட்டாணி வைத்த பஸ்தீத்ஸி என்னும் அடுக்கு மாவுப் பண்டம் இருக்கிறது. சுடச்சுட இருக்கும்போது அதன் ஏடுகள் மடியெல்லாம் உதிரும். பிறகு மேட்டில் ஏறினால் சிட்டாடெல்லா கோட்டை. 1551 இல் துருக்கியப் படை இந்தக் கோட்டையைப் பிடித்து, தீவு மக்களில் பெரும்பாலோரை அடிமைகளாகக் கொண்டுபோனது. மதில்மேல் சுற்றிவரக் கட்டணம் இல்லை. தேவாலயத்துக்குக் கட்டணம் உண்டு, ஆனாலும் போங்கள். நடுவே நின்று அண்ணாந்து பார்த்தால் ஆழமான குவிமாடம் தெரியும். நாலடி தள்ளி நின்றால் குவிமாடம் ஒரு பக்கம் சரியும். மேலே இருப்பது தட்டைக் கூரை. மெசினாவிலிருந்து வந்த ஓவியர் 1739 இல் தீட்டிய ஓவியம்தான் அந்தக் குவிமாடம். வெளியே வந்து கூரையைப் பார்த்தால் அங்கே மாடம் எதுவும் இருக்காது.

கடைசியாக 307 இல் ஷாரா ஊருக்குப் போய் ஜ்கந்தீயா கோயில்கள். கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 3600 ஆண்டு முந்தையவை. எகிப்தின் பிரமிடுகளுக்கும் மூத்தவை. வெளிச்சுவருக்குக் கரடுமுரடான கடினக் கல், உள்ளே வாசலுக்கும் பீடத்துக்கும் செதுக்க வசதியான மென்கல் என்று தேர்ந்து கட்டியிருக்கிறார்கள். மூடும் நேரத்தை முன்பே பார்த்துவையுங்கள்.

சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

கொமினோவின் நீலக் காயலையும் அன்றே பார்க்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். கூட்டத்தைக் கட்டுப்படுத்த 2025 முதல் அங்கே முன்பதிவு முறை வந்திருக்கிறது. அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள்.

இம்ஜாரிலிருந்து வல்லெட்டாவுக்கே நேராகப் போகும் விரைவுப் படகு 2021 முதல் ஓடுகிறதே, அது எப்படி என்று இன்னொருவர் கேட்டார். முக்கால் மணி நேரத்தில் கொண்டுவிடும். பெரிய கப்பலின் கட்டணத்தைத் திரும்பும்போதுதானே வாங்குகிறார்கள்; எனவே போகும்போது அதில் போய், வரும்போது விரைவுப் படகுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும். களைத்துப்போன மாலையில் ஒரு மணி நேர பஸ் மிச்சம். காற்று பலமாக அடித்தால் மட்டும் விரைவுப் படகை நிறுத்திவிடுவார்கள். அன்று பெரிய கப்பலில் சிர்கெவ்வா வந்து, வந்த வழியே 41 அல்லது 42 பிடிக்க வேண்டியதுதான்.