டிவி கேம்: லைட் எரியுது, படம் வரலை

பழைய 60 பின் கேசட் டிவி கேம். முதலில் கேசட்டின் உலோகப் பட்டைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பட்ஸால் துடைத்தேன். வாயால் ஊதவே கூடாது. எச்சில் ஈரம் பட்டையை அரித்துவிடும்.

அதற்கும் மசியவில்லை. மல்டிமீட்டரில் பார்த்தால், அடாப்டர் வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் 7805 ரெகுலேட்டருக்குள் 9 வோல்ட் போகிறது, வெளியே 3.4தான். 4.8க்குக் குறையக் கூடாது. போர்டில் ஷார்ட் இருந்தாலும் இப்படி இறங்கும் என்பதால், ரெகுலேட்டரின் அவுட்புட் காலை மட்டும் போர்டிலிருந்து கழற்றி அளந்தேன். அப்போதும் அதேதான், ரெகுலேட்டர்தான் போயிருக்கிறது.

மதுரை டவுன்ஹால் ரோட்டில் புது 7805 வாங்கி, சூடு கடத்தும் பேஸ்ட் தடவி, சூட்டை வெளியேற்றும் பழைய ஹீட் சிங்க் தகட்டிலேயே முடுக்கினேன். படம் வந்துவிட்டது. 12 வோல்ட் அடாப்டர் மட்டும் வேண்டாம்: மிச்ச 7 வோல்ட்டும் சூடாகத்தான் போகும், மதுரை வெயிலுக்கு அது தாங்காது. அடாப்டர் நடுமுனை பெரும்பாலும் மைனஸ். செருகும் முன் பாருங்கள்.