ஆபீஸ் இடம் மாறுகிறதா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

சென்னையில் நாற்பது, ஐம்பது பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம் இடம் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாளிக்கு இடம் பிடித்துப்போய் அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். அப்புறம் மூன்று பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸிடம் கொட்டேஷன் வாங்கும் வேலை அட்மினில் இருப்பவர் தலையில் விழும். மேஜை நாற்காலியை ஏற்றி இறக்குவது ஒரு சனி, ஞாயிறில் முடிந்துவிடும். வாரக்கணக்கில் இழுப்பவை வேறு வேலைகள். அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதால்தான் அத்தனை சிக்கலும் வருகிறது.

முதலில் தேதி குறிப்பது

ஆடி பிறப்பதற்குள் போய்விட வேண்டும், மார்கழிக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று ஒரு நாளைக் குறித்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்குள் அடைக்கப் பார்க்கிறார்கள். நல்ல நாள் பார்ப்பதில் தப்பே இல்லை. அந்த நாளில் பால் காய்ச்சிவிடுங்கள். ஆட்கள் போய் உட்காரும் தேதியை மட்டும் இன்டர்நெட் வந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

நிறுவனங்களுக்கென்று தனியாகத் தரும் இன்டர்நெட் இணைப்பான லீஸ்டு லைன், ஆர்டர் கொடுத்த மறுவாரம் வந்துவிடாது. இன்டர்நெட் கம்பெனிக்காரர் வந்து சாத்தியமா என்று பார்க்க வேண்டும். கட்டட நிர்வாகம் கேபிள் உள்ளே வர அனுமதி தர வேண்டும். சில கட்டடங்களில் அவர்கள் ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருக்கும் நிறுவனத்தைத் தவிர வேறு யாரையும் விடமாட்டார்கள். சாலையைத் தோண்ட வேண்டியிருந்தால் மாநகராட்சி அனுமதி வேண்டும், வடகிழக்குப் பருவமழை நேரத்தில் அது கிடைப்பது கஷ்டம். அதனால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதை விசாரித்துவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இணைப்பு மாறினால், இன்டர்நெட்டில் உங்கள் ஆபீஸை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரியும் மாறும். வங்கியோ வெளிநாட்டு வாடிக்கையாளரோ உங்கள் பழைய ஐ.பி. முகவரியை மட்டும் தங்கள் ஃபயர்வாலில் (வெளியாட்களை உள்ளே விடாத பாதுகாப்பு அமைப்பில்) அனுமதித்திருப்பார்கள். புது முகவரியை அவர்களிடம் முன்கூட்டியே கொடுத்து மாற்றச் சொல்லாவிட்டால், திங்கட்கிழமை காலையில் இன்டர்நெட் ஓடும், யாராலும் வேலை செய்ய முடியாது. பெரிய நிறுவனங்களில் அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்கவே இரண்டு, மூன்று வாரம் ஆகலாம்.

மாதத்தில் எந்த வாரம் மாறுகிறீர்கள் என்பதும் முக்கியம். 7-ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்த வருமான வரியைக் கட்டுவது), 11-இல் ஜிஎஸ்டிஆர்-1 என்ற ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கு, 15-இல் பிஎஃப், இஎஸ்ஐ, 20-இல் ஜிஎஸ்டி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி, மாதக் கடைசியில் சம்பளம். கணக்கு எழுதும் டேலி மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டர் அட்டைப்பெட்டிக்குள் இருக்கும்போது இதில் ஏதாவது வந்து நின்றால் அக்கவுண்ட்ஸில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். 20-ஆம் தேதி கழிந்து வரும் சனி, ஞாயிறு பெரும்பாலான நிறுவனங்களுக்குச் சரியாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போய் இடம் பார்ப்பது

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) காரில் போனால் எந்த இடமும் பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும். மெட்ரோ வேலை நடக்கும் அந்தச் சாலையில் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். அதுவும் பஸ்ஸில். ஊழியர்கள் எந்தெந்தப் பகுதியிலிருந்து வருகிறார்கள் என்பதை பின்கோடு வாரியாக ஒரு தாளில் எழுதினாலே பாதி விஷயம் புரிந்துவிடும். ஆவடியிலிருந்தும் திருநின்றவூரிலிருந்தும் வருபவர்களுக்கு அம்பத்தூர் எஸ்டேட் ஒரே ரயில். அதே ஆட்களை சோழிங்கநல்லூருக்கு வரச் சொன்னால் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் சாலையில் போகும். வாடகையில் சதுர அடிக்குப் பத்து ரூபாய் மிச்சம் பிடித்து, ஐந்து வருட அனுபவமுள்ள ஆளை இழப்பதில் என்ன லாபம்?

சாயங்காலம் இருட்டிய பிறகும் ஒருமுறை போங்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்தோ ஸ்டேஷனிலிருந்தோ கட்டடம் வரை தெருவிளக்கு எரிகிறதா, ஷேர் ஆட்டோ எத்தனை மணி வரை ஓடுகிறது, மதியம் சாப்பிட நடக்கிற தூரத்தில் மெஸ் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே பெண் ஊழியர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நமக்குக் கண்ணில் படாததெல்லாம் அவர்கள் கண்ணில் படும்.

அப்படியே எதிரில் இருக்கும் டீக்கடையில் நின்று, 2015 டிசம்பரிலும் 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை டீக்கடைக்காரர் சொல்வார். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெருங்குடி பக்கம் என்றால் இதைக் கேட்காமல் வரவே கூடாது. ஆபீஸ் நாலாவது மாடியில் இருந்தாலும் ஜெனரேட்டரும் மின் பேனலும் பேஸ்மென்டில் இருந்தால், தண்ணீர் புகுந்த நாளில் மேலேயும் இருட்டுதான்.

ஜெனரேட்டர் லிஃப்டுக்கு மட்டுமா, உங்கள் ஏசிக்கும் சேர்த்தா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். இபி மீட்டரில் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்பதையும் உங்கள் எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிபாருங்கள்.

காகித வேலையைத் தள்ளிப்போடுவது

இந்த இடத்தில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கம்பெனியின் பதிவு அலுவலகம், அதாவது சட்டப்படி பதிவான முகவரி மாறினால், மாறிய 30 நாட்களுக்குள் கம்பெனி பதிவாளருக்கு ஐஎன்சி-22 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். நகர எல்லைக்குள்ளேயே மாறினால் இயக்குநர் குழுத் தீர்மானம் போதும். எல்லையைத் தாண்டி சிறுசேரி பக்கம் போனால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். ஜிஎஸ்டியில் பதிவான முதன்மை வணிக இடத்தை மாற்ற 15 நாள்தான் கெடு.

இவற்றுக்கெல்லாம் கேட்கும் ஆவணங்கள் மூன்று: வாடகை ஒப்பந்தம், உரிமையாளரின் சம்மதக் கடிதம், அந்த இடத்தின் சமீபத்திய இபி பில். கடைசியில் சொன்னதுதான் வம்பு. ஒப்பந்தத்தில் மகன் கையெழுத்துப் போட்டிருப்பார். இபி கார்டு காலமான அப்பாவின் பேரிலோ, கட்டடம் கட்டிய பில்டர் பேரிலோ இருக்கும். ஜிஎஸ்டி அதிகாரி விளக்கம் கேட்டு விண்ணப்பத்தை நிறுத்திவைப்பார். அட்வான்ஸ் கைமாறிய பிறகு உரிமையாளர் பெயர் மாற்றத்துக்கு அவசரப்படமாட்டார். அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இபி பில்லின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பெயர் பொருந்தாவிட்டால் சொத்து வரி ரசீதோ வாரிசுச் சான்றோ தருகிறாரா என்று பாருங்கள்.

தொழில் வரி அந்தந்த உள்ளாட்சி அமைப்புக்குத்தான் போகும். மாநகராட்சி எல்லையை விட்டு ஊராட்சிப் பகுதிக்குப் போனால், அரையாண்டுக்கு ஒருமுறை அதை யாரிடம் கட்ட வேண்டும் என்பதும் மாறும். வாசலில் மாட்டும் கம்பெனி பெயர்ப்பலகையில் தமிழும் இருக்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் செய்துவிட்டு இன்னொரு முறை செலவு செய்யாதீர்கள்.

தீ விபத்துக் காப்பீட்டை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பாலிசியில் எழுதியிருக்கும் முகவரியில் இருக்கும் பொருளுக்குத்தான் அது செல்லும். புது முகவரியைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வண்டியில் போகும் பொருளுக்குத் தனியாக டிரான்சிட் காப்பீடு எடுங்கள். அந்தப் பொருளுக்கு டெலிவரி சலான், இ-வே பில் (பொருளை வண்டியில் கொண்டுபோக ஜிஎஸ்டியில் கேட்கும் ஆவணங்கள்) வேண்டுமா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தைப் பாதி படிப்பது

வாடகையும் அட்வான்ஸும் மட்டும் பேசி முடித்துவிடுகிறோம். உள்வேலை நடக்கும் மாதங்களுக்கு வாடகை இல்லாமல் கேட்கலாம், பலரும் தருகிறார்கள். காலி செய்யும்போது பார்டிஷனையும் ஃபால்ஸ் சீலிங்கையும் எடுத்து, இடத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்று ஒரு ஷரத்து இருக்கும். அது உங்கள் பழைய ஒப்பந்தத்திலும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அந்த வேலைக்கும் இரண்டு வாரம் ஆகும், பணமும் ஆகும். ஆகவே இரண்டு இடத்துக்கும் ஒரு மாத வாடகையாவது சேர்த்துக் கட்டத் தயாராக இருங்கள்.

மாறும் நாளில்

சர்வரை அணைப்பதற்கு முன் பேக்கப் எடுத்து, அதை ஒருமுறை திறந்தும் பாருங்கள். அந்தப் பிரதி வண்டியில் போகக் கூடாது, ஒருவர் கையில் தனியாகப் போக வேண்டும். சர்வீஸ் லிஃப்டை எந்த நேரத்தில் தருவார்கள் என்று இரண்டு கட்டடத்திலும் கேட்டு வையுங்கள்; பல இடங்களில் இரவு எட்டுக்கு மேல்தான். கணபதி ஹோமம் செய்வதாக இருந்தால் கட்டடப் பராமரிப்பு ஆட்களிடம் முன்பே சொல்லி, உங்கள் தளத்தில் இருக்கும் ஸ்மோக் டிடெக்டரை அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். முடிந்ததும் திரும்பப் போட்டார்களா என்று நீங்களே போய்ப் பார்த்துவிட வேண்டும்.

பழைய இடத்தை வீடியோ எடுத்து, மீட்டர் ரீடிங்கைப் படம் பிடித்து, சாவி ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் திரும்ப வரும்போது பெயின்ட் செலவு என்று ஒரு பெரிய தொகையைக் கழித்தால் பேசுவதற்கு அது வேண்டும். அந்தக் கட்டடத்து வாட்ச்மேனிடம் போன் நம்பர் கொடுத்து, ஆறு மாதத்துக்காவது வாரம் ஒருமுறை ஆள் அனுப்பித் தபால் இருக்கிறதா என்று பாருங்கள். செக் புத்தகமும் வருமான வரி நோட்டீஸும் இன்னும் கொஞ்ச நாளைக்கு அங்கேதான் வரும்.