ஃபைல் வந்துரும், ஃபான்ட் வராது

களியக்காவிளையில் டிடிபி கடை நடத்துவதென்றால் இரண்டு மொழி, இரண்டு மூன்று கீபோர்டு, கணக்கில்லாத ஃபான்ட். பெண் வீடு பாறசாலை, மாப்பிள்ளை வீடு மார்த்தாண்டம் என்றால் கல்யாணக் கார்டில் ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் மலையாளம். கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ், நினைவஞ்சலி போஸ்டர் எல்லாம் போன வருஷத்து ஃபைலைத் திறந்து தேதியை மாற்றுகிற வேலைதான். அந்த ஃபைல் திறக்காவிட்டால் தொழில் படுத்துவிடும். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டதால், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் மாற்றுகிற யோசனையில் இருக்கிறார்கள். இன்னும் விண்டோஸ் 7-லேயே ஓட்டுகிறவர்களும் உண்டு. பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதுக்கு ஃபைலும் ஃபான்டும் மாற்றுவது பற்றிய இந்தக் குறிப்பு அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் ஒன்று: பழைய மெஷினை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். "பழசைத் தாங்க அண்ணே, ரெண்டாயிரம் குறைச்சுப் போடுதேன்" என்பார்கள். வேண்டாம். ஒரு கல்யாண சீசன் முழுக்க அது மேசைக்கு அடியில் கிடக்கட்டும்.

டேட்டா காப்பி ஆகும், புரோகிராம் காப்பி ஆகாது. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை அப்படியே இழுத்துப் புதியதில் போட்டால் ஐகான் இருக்கும், கிளிக் செய்தால் ஓடாது. இன்ஸ்டால் செய்யும்போது ரெஜிஸ்ட்ரியிலும் (விண்டோஸின் உள்குறிப்பேடு) விண்டோஸ் ஃபோல்டரிலும் அது எழுதி வைத்த விஷயங்கள் கூட வருவதில்லை. விண்டோஸ் 7-ல் ஈஸி டிரான்ஸ்ஃபர் என்று ஒன்று இருந்தது. அதுவும் ஃபைலையும் செட்டிங்ஸையும்தான் மாற்றியது, புரோகிராமை அல்ல. விண்டோஸ் 10-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். புரோகிராமையே மாற்றித் தருகிறோம் என்று காசுக்கு விற்கிற மென்பொருள்கள் உண்டு. பழைய டிடிபி மென்பொருள் விஷயத்தில் நான் அவற்றை நம்புவதில்லை.

அதனால் காப்பியில் கை வைக்குமுன் ஒரு நோட்டை எடுங்கள். கன்ட்ரோல் பேனலில் இருக்கிற புரோகிராம் பட்டியலைப் பார்த்து, தினமும் தொடுவதை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்று கேள்வி: செட்டப் ஃபைலோ சிடியோ கையில் இருக்கிறதா? சீரியல் நம்பர் எங்கே? டாங்கிள் (மென்பொருள் ஓட மெஷினில் மாட்டவேண்டிய சாவி) வேண்டுமா? பழைய டாங்கிள் பிரின்டர் போர்ட்டில் மாட்டுகிற அகலமான வகை என்றால், புதிய கம்ப்யூட்டரில் அதற்கு வாயே இருக்காது. வாங்குவதற்கு முன்பே மென்பொருள் விற்றவரிடம் யுஎஸ்பி டாங்கிள் மாற்றித் தருவாரா என்று கேட்டுவிடுங்கள்.

இனி ஃபான்ட். எங்கள் தொழிலில் ஆளைக் கவிழ்ப்பது இதுதான், கேட்டியளா. யூனிகோடுக்கு (ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லா மெஷினிலும் ஒரே எண் என்கிற தரம்) முந்தைய தமிழ் ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துக்கான இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. எந்த இடத்தில் எந்த எழுத்து என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 1999 சென்னைத் தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று இந்த இடங்களுக்குத் தரம் வகுத்தார்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அச்சுக் கடைகளோ பழைய ஃபான்டை விடவில்லை. மலையாளத்திலும் இதே கதைதான்: எம்எல்-டிடி கார்த்திகா, ரேவதி என்று மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்து ஐஎஸ்எம் மென்பொருள் கொடுத்த ஃபான்ட்கள். அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் ஃபைலைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியும் கொட்டிக் கிடக்கும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, பதறவேண்டாம். போட்டுக்கொள்ள அதற்குச் சட்டை இல்லை, அவ்வளவுதான்.

பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கரில் இப்படி ஒரு ஃபைலைத் திறந்தால், பேனோஸ் என்ற பெட்டி வந்து எந்தெந்த ஃபான்ட் இல்லை, பதிலுக்கு எதைப் போடப்போகிறேன் என்று வரிசையாகக் காட்டும். எல்லோரும் பார்க்காமலே ஓகே தட்டிவிடுவார்கள். அந்தப் பெட்டிதான் உங்கள் பட்டியல். பெயர்களை எழுதிக்கொண்டு, ஃபைலை சேவ் செய்யாமல் மூடுங்கள்.

பழைய மெஷினில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருப்பதைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வெளி டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள். இதோடு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. விண்டோஸ் 10-ல் ஒரு பயனருக்கு மட்டும் இன்ஸ்டால் செய்த ஃபான்ட்கள் அங்கே இருப்பதில்லை. அந்தப் பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று இறங்கிப் போகவேண்டும். ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்த ஃபோல்டர்களைக் காட்டச் சொன்னால்தான் தெரியும். டைப் 1 என்கிற பழைய வகை ஃபான்ட் என்றால் பிஎஃப்பி, பிஎஃப்எம் என்ற இரண்டு ஃபைலும் ஜோடியாக வேண்டும். அந்த வகையை அடோபி 2023 ஜனவரியோடு கைவிட்டது, ஆகவே அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் புதிய பதிப்பில் அது எடுபடாது.

ஃபான்ட் வந்தால் பழையதைப் பார்க்கலாம். புதிதாக அடிக்க அதற்கேற்ற கீபோர்டு மென்பொருளும் வேண்டும். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11-லேயே இருக்கிறது. பழகிய பாமினி விசைப்பலகையை விட மனசில்லாதவர்களுக்கு என்எச்எம் ரைட்டர் உண்டு.

பழைய ஃபைல்களை எல்லாம் யூனிகோடுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்பார்கள். தேவையில்லை. முக்கியமானவற்றை பழைய மெஷினிலேயே, ஃபான்டை உள்ளடக்கி, பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். அச்சுக்கும் ஆதாரத்துக்கும் அது போதும். சபை அங்கத்தினர் பட்டியல் மாதிரி வருஷா வருஷம் திருத்துகிற நீண்ட எழுத்துக்கு மட்டும் யூனிகோடாக மாற்றித் தரும் மென்பொருள் உதவும்: தமிழுக்கு என்எச்எம் கன்வர்டர், மலையாளத்துக்கு பய்யன்ஸ். மலையாளத்தில் சில்லெழுத்தை (உயிர் சேராத தனி மெய்யெழுத்து) கவனியுங்கள். 2008-ல் யூனிகோடு 5.1 வந்தபோதுதான் அவற்றுக்குத் தனித்தனி இடம் கிடைத்தது. அதற்கு முந்தைய முறையில் எழுதியது கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தாலும் தேடினால் அகப்படாது. மாற்றியதை மலையாளம் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒரு சேட்டனிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல். அதற்குப் பின் புதுப் பதிப்பு கிடையாது. அதன் ஃபைல்களை இன்டிசைன் சிஎஸ்6 வரை திறக்கும், அதற்குப் பிந்தைய சிசி பதிப்புகள் திறக்காது. புதியதில் சிசி போடுகிறவர்கள் பழைய மெஷினை விடுமுன் அந்த ஃபைல்களை இன்டிசைன் ஃபைலாக மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு சிக்கல்: விண்டோஸ் 11 64-பிட் மட்டும்தான், அதில் 16-பிட் புரோகிராம் ஓடாது. தொண்ணூறுகளின் மென்பொருளும் சில பழைய செட்டப் ஃபைல்களும் அங்கேயே நின்றுவிடும்.

அப்படி நிற்பவர்களுக்கு ஒரு வழி, எனக்கு மிகவும் பிடித்த வழி. மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தில் டிஸ்க்2விஎச்டி என்று இலவசமாகக் கிடைக்கிறது. பழைய மெஷினில் ஓட்டினால் அதன் டிஸ்க்கை முழுசாக ஒரே ஃபைலாக்கி வெளி டிரைவில் எழுதித் தரும். புதியதில் வர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுகிற மென்பொருள்) போட்டு அந்த ஃபைலை டிஸ்க்காகக் கொடுத்தால், பழைய டெஸ்க்டாப் ஒரு ஜன்னலுக்குள் அப்படியே எழுந்து வரும், ஃபான்ட், பேஜ்மேக்கர் சகிதம். நீலத் திரை வந்து நின்றால் வர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸில் டிஸ்க் கன்ட்ரோலரை (டிஸ்க்கை இணைக்கிற வகை) ஐடிஇ, சாட்டா என்று மாற்றிப் பாருங்கள். பழையதில் எது இருந்ததோ அதுவே வேண்டும். ஆக்டிவேஷன் கேட்கலாம். 16 ஜிபி ரேம் இருந்தால் சௌகரியம். அந்த ஜன்னலுக்குள் இன்டர்நெட்டை மட்டும் துண்டித்துவிடுங்கள், விண்டோஸ் 7-க்கு 2020-லிருந்தே வழக்கமான பாதுகாப்பு அப்டேட் கிடையாது.

டாலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருக்கிற ரப்பர் ஷீட் வியாபாரிகளுக்கு: டேட்டா ஃபோல்டரைக் காப்பி செய்து, பேக்கப்பும் தனியாக எடுங்கள். பிறகு பழையதில் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டுப் புதியதில் ஆக்டிவேட் செய்யுங்கள். இரண்டிலும் டிரையல் பேலன்ஸ் ஒன்றாக வருகிறதா என்று பார்த்தபின்தான் அன்றைய ஒட்டுப்பால் கணக்கை ஏற்றவேண்டும்.

காப்பி எடுப்பதற்கு வெளி ஹார்ட் டிஸ்க் நல்லது. பென்டிரைவ் ஃபேட்32 வகையாக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யுங்கள். பழைய மெஷின் எழுந்திருக்கவே மாட்டேன் என்றால், டிஸ்க்கைக் கழற்றி சாட்டா-யுஎஸ்பி கேபிளில் புதியதில் மாட்டலாம். இடவப்பாதி மழைக்காலத்தில் யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் ஃபைல் எண்ணிக்கையும் சைஸும் ஒத்துப்போகிறதா பாருங்கள். சைஸ் ஆன் டிஸ்க் வேறுபடும், அதைப் பொருட்படுத்தவேண்டாம்.

புதியதில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் நுழைந்தால் ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் சேமிப்பு) டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் தன் கையில் எடுத்துக்கொள்ளப் பார்க்கும். இலவச இடம் 5 ஜிபிதான், கார்டு டிசைன்களுக்கு எந்த மூலைக்கு? அணைத்துவிடுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்பு எண்ணை அச்சடித்து பீரோவில் வையுங்கள். பிரவுசர் பாஸ்வேர்டை ஃபைலாக எடுத்து மாற்றினால் அந்த ஃபைலை உடனே அழியுங்கள், பூட்டில்லாத வெறும் எழுத்தாக இருக்கும்.

சீசன் முடிந்து பழையதை விற்கும்போது, டிஸ்க்கில் ஊரார் ஆதார் ஸ்கேன் இருப்பதை மறக்கவேண்டாம். டெலீட் செய்வது போதாது. சாதா ஹார்ட் டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டி, குயிக் ஃபார்மட் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் போடுங்கள். விஸ்டா முதல் அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதும். மணிக்கணக்காகும், ராத்திரி போட்டுவிட்டுக் கடையைப் பூட்டலாம்.