சேலத்துக் கோடையில் பிள்ளைகள்: பெரியவர்கள் செய்யும் தவறுகள்

உச்சி வெயிலில் வெளியே போகாதே என்று பிள்ளைகளை அதட்டாத வீடு சேலத்தில் இருக்காது. அது சரிதான். ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் பயமில்லை என்று நினைக்கிறோம் பாருங்கள், முதல் தவறு அதுதான். நம்ம ஊர் குகை, அம்மாப்பேட்டை பகுதிகளில் ஷீட் போட்ட வீடுகளில் மதியம் மூன்று மணிக்கு உள்ளே இருப்பதைவிட வேப்பமர நிழலில் இருப்பது மேல். மொட்டை மாடிக்குக் கீழ் இருக்கும் அறையோ, பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில்தான் இறக்கும். பகலில் வெயில் விழும் ஜன்னலை மூடுங்கள், பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.

அடுத்தது ஓ.ஆர்.எஸ்., அதாவது பேதியில் உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசல். இதில்தான் தவறு அதிகம். பெரிய பாக்கெட்டைப் பிரித்து, கொஞ்சத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கண்ணளவாகக் கொட்டிக் கலக்குவார்கள். உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து, குறைந்தால் பலனில்லை. முழு பாக்கெட்டையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கலந்து, 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் உண்டு, உறையைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். பாக்கெட் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு டப்பாவில் விற்ற இனிப்பு பானங்கள் வேறு. அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. சர்க்கரை மிகுந்த அந்தப் பானம் வயிற்றுப்போக்கைக் கூட்டவே செய்யும். இளநீர் தாகத்துக்கு நல்லது, ஆனால் அதில் சோடியம் குறைவு. பேதி ஆகும் பிள்ளைக்கு அதை மட்டும் கொடுத்துச் சமாளிக்க முடியாது. ஆறு மாதம் ஆகாத கைக்குழந்தைக்குத் தண்ணீரே வேண்டாம், தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும்.

வெயிலில் ஆடிவிட்டு வந்த பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது பெரிய தவறு, அந்தச் சூட்டுக்கு அந்த மாத்திரை கேட்காது. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, நிழலில் படுக்க வைத்து, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு மங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

அம்மை போட்டால் வேப்பிலை கட்டுவது அவரவர் நம்பிக்கை, அதில் நான் குறுக்கே நிற்க மாட்டேன். டாக்டரிடம் போகக் கூடாது, குளிக்க வைக்கக் கூடாது என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது. அம்மை சூட்டால் வருவதில்லை, வைரஸால் வருவது. ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது.

லீவுக்குத் தாத்தா ஊருக்குப் போனால் கிணறு இருக்கும். நீச்சல் தெரிந்த அண்ணன் கூட இருக்கிறான் என்று அனுப்பாதீர்கள், அவனும் சிறுவன்தான். மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் கத்துவதே இல்லை.

அப்புறம் ஏற்காடு. சுமார் 1,500 மீட்டர் உயரம், காற்று சில்லென்று இருக்கிறது என்று தொப்பியைக் காரிலேயே விட்டுவிட்டு ஏரியில் படகில் ஏறுவார்கள். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும், ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவுக்கு. குளிரில் தாகமும் தெரியாது, கேட்காவிட்டாலும் தண்ணீர் கொடுங்கள். தூங்குகிற பிள்ளையைப் பூட்டிய காரில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், மலை மேலேயும்தான். இருபது கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் வயிறு முட்டப் பூரி ஊட்டுவதையும் விட்டுவிடலாம். இரண்டு இட்லி போதும், மிச்சத்தை மேலே போய்ச் சாப்பிடட்டும்.