விறகு பாய்லருக்கு முன்னால் ஒரு ஃபில்டர்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு விறகு பாய்லர் நிற்கிறது. செம்பு உருளை, நடுவே புகைபோக்கி, அடியில் அடுப்பு. மார்கழிக் குளிரில் இரண்டு தென்னை மட்டை போட்டால் வீடே குளித்து முடித்துவிடும். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றி டேங்கர் தண்ணீருக்கு மாறினோம். சில மாதங்களில் வெந்நீர் நூலாக இறங்கத் தொடங்கியது. பாய்லரின் அடி வால்வைத் திறந்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. குச்சியால் குத்தியதும் காபிச் சக்கை போல ஒரு குழம்பு வாளியில் விழுந்தது. மணலும் துருவும், நடுநடுவே முட்டை ஓடு போன்ற வெள்ளைச் சில்லுகளும்.

ஃபில்டர் வாங்கும் முன் அந்த இரண்டையும் பிரித்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் படிவது மண்ணும் துருவும். இதை ஃபில்டர் தடுக்கும். வெள்ளைச் சில்லு வேறு கதை. கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் சுண்ணாம்பாகப் பிரிந்து செம்பில் ஒட்டிக்கொள்கிறது. கரைந்திருப்பதை எந்தப் பஞ்சு ஃபில்டரும் பிடிக்காது. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. அதற்கு வெகுவாக மேலே போனால் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் தனியாக வேண்டும். ஃபில்டர் மாட்டினால் உப்பும் போய்விடும் என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்கவேண்டியவை: 10 அங்குல ஃபில்டர் கூடு ஒன்று, 20 மைக்ரான் பஞ்சு உருளை இரண்டு (மைக்ரான் எண் குறையக் குறைய துளை சிறிது), பால் வால்வு (ball valve) இரண்டு, யூனியன் எனும் கழற்றி மாட்டும் இணைப்பு இரண்டு, டெஃப்லான் டேப். 5 மைக்ரான்தான் உசத்தி என்று ஆசைப்படவேண்டாம். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு மீட்டருக்குச் சுமார் 0.1 பார் அழுத்தம்தான். மூன்று மீட்டர் உயரத் தொட்டி என்றால் 0.3 பார். நுண்ணிய பஞ்சு அதையும் விழுங்கிவிடும்.

இனி இடம். இதில்தான் நான் ஏமாந்தேன். முதலில் வந்த பிளம்பர், "வெந்நீர் வெளியே வரும் பக்கம் மாட்டினால் குளிக்கிற தண்ணீர் சுத்தமாக இருக்கும், சார்" என்று அங்கேயே மாட்டிவிட்டார். நான்காம் நாள் ஃபில்டர் கூட்டின் அடியில் முறுக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் வளைந்து, மரைவழியே கொதிநீர் சுவரில் பீய்ச்சியது. சாதாரணக் கூடு 50 டிகிரிக்கு மேல் தாங்காது. அதோடு மண்ணெல்லாம் எப்போதும்போல பாய்லருக்குள்தான் தங்கியது. குளிர்ந்த நீர் உள்ளே போகும் குழாயில், பாய்லரிலிருந்து ஐந்தடியாவது தள்ளி, நிழலில் மாட்டுங்கள். ஒளி ஊடுருவும் கிண்ணத்தில் வெயில் பட்டால் பாசி பிடிக்கும்.

வேலைக்கு முதல் நாளே அடுப்பை அணைத்து, பாய்லர் முழுவதும் ஆறட்டும். தொட்டி வால்வை மூடி, அடி வால்வைத் திறந்து பழைய சகதியை வெளியேற்றுங்கள். குழாயை அறுத்து யூனியன், வால்வு, கூடு, வால்வு, யூனியன் என்ற வரிசையில் இணையுங்கள். கூட்டின் தலையில் உள்ள அம்புக்குறி பாய்லரை நோக்கி இருக்கவேண்டும். டெஃப்லான் டேப்பை மரை முறுகும் திசையிலேயே எட்டுப் பத்துச் சுற்று சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது உரிந்து வந்துவிடும். சி.பி.வி.சி. எனும் பிளாஸ்டிக் குழாய் என்றால் பசை காய, அதன் டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை தண்ணீர் திறக்காதீர்கள். கிண்ணத்தைக் கையால் இறுக்கி, அதற்கான திருகு சாவியால் கால் சுற்று மட்டும் கூட்டுங்கள். ரப்பர் வளையத்துக்கு சிலிக்கான் கிரீஸ் போதும். வண்டி கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும்.

பாய்லரின் மேல் திறந்து நிற்கும் ஆவிக்குழாயில் கை வைக்காதீர்கள். அங்கே வால்வோ ஃபில்டரோ வந்து வழி அடைத்தால் பாய்லர் வெடிகுண்டுதான். வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் தடையின்றி வருவதைக் கண்ணால் பார்த்தபிறகே தீ மூட்டுங்கள். இதை ஒருநாள் வேலையாக நினைக்கவேண்டாம். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பாய்லருக்குப் புதுத் தண்ணீர் போகாது என்பதால் தினமும் பார்க்கவேண்டும்.

எங்கள் வீட்டில் டேங்கர் தண்ணீர் வரும் மாதங்களில் பஞ்சு ஆறு வாரத்தில் செங்கல் நிறமாகிவிடுகிறது. காவிரித் தண்ணீர் ஒழுங்காக வரும்போது நான்கு மாதம் தாங்குகிறது. கழுவி மறுபடி போடலாமா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பார். கழுவினால் மேல்தோல்தான் வெளுக்கிறது; உள்ளே அப்பியது அப்படியே இருக்கிறது. அதனால் மாற்றிய தேதியைக் கிண்ணத்தின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுகிறேன்.