பதினாறு த்ரெட் இருந்தும் இரண்டு வேலையே ஓடுகிறதா? பாயிங்க்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் கணினியின் ஓய்வுத் திறனை அறிவியல் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் பாயிங்க் மென்பொருளைப் புதிதாக நிறுவியவர்கள், எல்லாக் கோர்களும் (செயலியின், அதாவது சிபியூவின், உட்பகுதிகள்) வேலை செய்யவில்லை என்று சொல்லி ஸ்கிரீன்ஷாட் அனுப்பும்போதெல்லாம், நான் ஒரு காலத்தில் செய்த பிழைகளையே மறுபடி பார்க்கிறேன். கணினி தூங்கிப்போவது, இணைப்பு அறுந்திருப்பது போன்றவற்றை அவர்களே கண்டுகொள்வார்கள்.

பழைய தரவுக் கோப்புறையை அப்படியே நகலெடுப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பழைய கணினி சூடாகிறதே என்று, சிசி கான்ஃபிக் என்ற பாயிங்க்கின் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பில், எத்தனை செயலி இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்று சொல்லும் என்சிபியூஸ் என்னும் வரியைச் சேர்த்து 2 என்று எழுதியிருந்தேன். பிறகு பதினாறு த்ரெட் (ஒரே நேரத்தில் பதினாறு வேலை ஓட்டும் தடங்கள்) கொண்ட புதுக் கணினி வாங்கியபோது, பாதி முடிந்த ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்ற ஆய்வுத் திட்டத்தின் வேலைகளை இழக்க மனமில்லாமல் கோப்புறை முழுவதையும் அதில் கொண்டுபோய் வைத்தேன். மூன்று மாதம் இரண்டே வேலைகள் ஓடின. மற்றவை 'தொடங்கத் தயார்' என்றபடி வரிசையில் நின்றன, டாஸ்க் மேனேஜர் 12 சதவீதத்தைத் தாண்டவில்லை. எத்தனை சதவீதச் செயலிகளைப் பயன்படுத்தலாம் என்ற அமைப்பை நூறாக்கினேன். இரண்டில் நூறு சதவீதமும் இரண்டுதான் என்பது உறைக்கவில்லை. இரண்டு முறை நீக்கி நிறுவியும் பயனில்லை, ஏனெனில் மென்பொருளை நீக்கினாலும் தரவுக் கோப்புறை அப்படியே இருக்கும். இத்தனைக்கும், இரண்டு செயலி இருப்பதாகப் பாவிக்கிறேன் என்று நிகழ்வுப் பதிவு ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. அந்த வரியை நீக்குங்கள், அல்லது -1 என்று எழுதி மென்பொருளை மீண்டும் தொடங்குங்கள்.

இணையதளத்தில் மட்டும் மாற்றுவது

கணினியிலேயே ஒருமுறை பாயிங்க்கின் விருப்பங்களை மாற்றிச் சேமித்திருந்தால் அந்தக் கணினியில் அவையே செல்லும். திட்டத்தின் தளத்தில் நீங்கள் எதை மாற்றினாலும் அது அங்கே எடுபடாது.

இரண்டு சதவீதங்களைக் குழப்புவது

செயலிகளின் சதவீதம் எத்தனை வேலை ஓடும் என்பதைத் தீர்மானிக்கிறது. செயலி நேரத்தின் சதவீதமோ ஓடும் வேலைகளை விட்டுவிட்டு ஓடவைக்கிறது. வேலைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தும் வரைபடம் ரம்பப் பல்லாக ஏறி இறங்கினால், இரண்டாவதைப் பாருங்கள்.

நினைவகத்தை மறப்பது

எட்டு ஜிபி நினைவகத்தில் பாதியை மட்டும் அனுமதித்திருக்கும் நிலையில் வேலை ஒவ்வொன்றும் ஒரு ஜிபி கேட்டால், எத்தனை கோர் இருந்தாலும் நான்கே ஓடும். மற்றவை நினைவகத்துக்காகக் காத்திருக்கும்.

செயலி எண்ணிக்கையைக் கூட்டி எழுதுவது

என்சிபியூஸில் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாக எழுத வேண்டாம். நான்கு த்ரெட்டில் எட்டு வேலைகள் ஓடினால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரு மடங்கு நேரம் எடுக்கும்.

ஒரு த்ரெட் மட்டும் குறைவது

பிழையன்று. கிராபிக்ஸ் கார்டில் ஓடும் வேலை அதைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டிருக்கக்கூடும்.