கார்ன்வால் கடலோரப் பாதையில் நாயோடு நடக்க

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரப் பாதை சுமார் 1,014 கிலோமீட்டர் நீளம். அது கடந்து போகும் கார்ன்வால் மாவட்டத்தில் பல இடங்களில் செங்குத்துப் பாறை விளிம்புக்கு வேலியே கிடையாது. முயலோ கடற்புறாவோ கண்ணில் பட்டால் நாய் விளிம்பைப் பார்க்காமல் பாய்ந்துவிடும்.

கழுத்துப்பட்டை மட்டும் போதாது, பின்னால் இழுத்தால் தலைவழியே கழன்றுவிடும். மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸும் 2 மீட்டருக்கு மிகாத லீஷும் (நாயைப் பிடித்து நடக்கும் வார்) வேண்டும். தானாக நீளும் லீஷ் இங்கே ஆபத்து. லீஷை மணிக்கட்டில் சுற்றவும் வேண்டாம். நாய் விழுந்துவிட்டால், எவ்வளவு மனம் பதறினாலும் பின்னாலேயே இறங்காதீர்கள். அவசர எண் 999-ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டை (கடலோர மீட்புப் படை) கேளுங்கள்.

மாடுகள் துரத்தினால் மட்டும் லீஷை விட்டுவிடுங்கள். அவை குறிவைப்பது நாயை. அது ஓடித் தப்பிவிடும், பிடித்திருந்தால் மிதிபடுவது நீங்கள்.

20 கிலோ நாய்க்கு அரைநாள் நடைக்கு 1 லிட்டர் தண்ணீராவது எடுங்கள். தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் வாந்தி, பேதி வரும். அதிகமானால் உயிருக்கே ஆபத்து.

வசந்தத்தில் ஆடர் விரியன் என்ற நச்சுப்பாம்பு பாதையோரம் வெயில் காயும். கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

திரும்பியதும் காது, அக்குள், விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.